மூன்றாவது வாக்குச்சீட்டு

கம்யூனிஸ்ட் ஆட்சியில் போலந்தின் வாக்குப்பதிவு பெரும்பாலும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல்தான் என்று அறிவிக்கப்பட்டு வந்தது. வேட்பாளர் பெயர்ப்பட்டியல் அச்சிட்ட சீட்டை வாங்கி, பேனாவே படாமல் மடித்துப் பெட்டியில் போட்டால் அது ஆட்சியாளருக்கு விழுந்த வாக்கு. பெயரை அடிக்க நினைப்பவர்தாம் மறைப்புக்குள் போக வேண்டும். போகிறவரை ஊரே பார்க்கும். கட்சி வேட்பாளர்களை அடிப்பது ஐரோப்பிய வரைபடத்திலிருந்து போலந்தையே அடிப்பதாகும் என்று 1957இல் கட்சித் தலைவர் கொமுல்கா எச்சரித்தார்.

1989 ஜூன் 4 அன்று மக்கள் அடித்தார்கள். கீழவையின் 460 இடங்களில் 65 விழுக்காட்டை ஆளும் அணி தனக்கென ஒதுக்கிக்கொண்டிருந்தது. போட்டிக்கு விடப்பட்ட மற்ற இடங்கள் அனைத்தையும், மேலவையின் நூறில் 99 இடங்களையும் சாலிடாரிட்டி இயக்கம் வென்றது. ஆனால், வரலாறு திரும்பிய அந்த நாளிலும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 63 விழுக்காட்டினரே. 1991இல் அது 43 ஆனது. 2005இல் 41ஐக்கூட எட்டவில்லை.

இதை மக்களின் அசட்டை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. அஞ்சாமல் வீட்டிலிருப்பதே அவர்களுக்குப் புதிய உரிமை. அதோடு 1990இன் பொருளாதாரச் சீர்திருத்தம் வேலையிழப்பைக் கொண்டுவந்தது. 1991 நாடாளுமன்றத்தில் 29 குழுக்கள் இடம்பெற்றன. அடுத்த தேர்தல்வரை நிலைக்குமா என்று தெரியாத கட்சியிடம் குடிமகன் எப்படிக் கணக்குக் கேட்பான்?

2023 அக்டோபர் 15 அன்று 74.38 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். வ்ரோத்ஸ்வாஃப் நகரின் யகோத்னோ குடியிருப்பில், இரவு 9 மணிக்குள் வரிசையில் சேர்ந்தவர்கள் பின்னிரவு மூன்று மணியை ஒட்டியும் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் தேநீரும் பீட்சாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாக்குக்கணிப்பு முடிவுகள் 9 மணிக்கே தொலைக்காட்சியில் வந்துவிட்டன. அதற்குப் பிறகும் அவ்வளவு பேர் குளிரில் நின்றதுதான் என்னைப் பெரிதும் நெகிழவைக்கிறது.

ஆயினும் அன்றைய குடிமைத் தேர்ச்சிக்குச் சான்று கேட்டால், நான் காட்டுவது வேறொன்று. கீழவைக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று என இரண்டு சீட்டுகளோடு, அன்றைய அரசு சேர்த்துவைத்த நான்கு கேள்விகள் கொண்ட பொதுவாக்கெடுப்புச் சீட்டும் மேசையில் இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் பங்கேற்றால்தான் அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும். கேள்விகளின் நோக்கத்தை ஐயுற்றவர்கள் மூன்றாவது சீட்டை வாங்க மறுக்கலாம். ஆனால் மறுப்பதை அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் அது குறிக்கப்படும். தன் நிலைப்பாடு பிறர் முன் தெரிந்துவிடுமே என்ற கவலை, குறிப்பாகச் சிற்றூர்களில், வீணானதல்ல. மறைப்புக்குள் போகவே தயங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அலுவலரின் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்றார்கள். பொதுவாக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் 40.91 விழுக்காட்டினர், அது அரசைக் கட்டுப்படுத்தாமல் போயிற்று.