கடல் கடந்தோரும் சட்டமும்

தமிழ்நாட்டினின்றும் புறப்பட்டு ஐதராபாத்தின் கச்சிபௌலியில் குடியேறிய நம்மிடம் எவரும் அனுமதிச்சீட்டுக் கேட்டதில்லை. நாடெங்கும் உலவவும் வசிக்கவும் அரசியலமைப்பின் 19ஆம் விதி குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. பாக் நீரிணையைக் கடந்து வந்த இலங்கைத் தமிழருக்கோ அவ்வுரிமை இல்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் பல்லாயிரவர் படகேறி இராமேசுவரம் கரையை அடைந்தனர். உயிருக்கு அஞ்சி ஓடுவோர் கடவுச்சீட்டும் விசாவும் பெறக் காத்திருத்தல் இயலுமோ? எனினும் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம், அகதியென்றும் பிற அயலாரென்றும் பகுத்துப் பார்க்கவில்லை. ஆபத்தினின்றும் நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள்முன் தோன்றி, தக்க காரணம் காட்டுவோரை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. ஆகவே, வந்தோரைக் காத்தது அரசின் பரிவே. மண்டபம் முதலிய முகாம்கள் அப்பரிவின் சின்னங்கள்.

1996இல் சக்மா மக்கள் வழக்கில், உயிர்க்காப்பளிக்கும் 21ஆம் விதி குடிமகனல்லாதார்க்கும் உரியதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் புதிய குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குத் தண்டனைப் பிரிவுகளினின்றும் அரசாணை விலக்களித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தோர் இவ்வரம்பிற்குப் புறத்தே நிற்கின்றனர். விலக்குப் பெற்றோர்க்கும் தண்டனை நீங்கிற்றே தவிர, நாம் கச்சிபௌலிக்கு எடுத்து வந்த குடியுரிமை அவர்க்குக் கிட்டவில்லை.