டாம் ஹவுஸ்: இந்திய இளைஞர் இருவருக்கு பேஸ்பால் கற்பித்த கல்லூரிப் பயிற்சியாளர்

டாம் ஹவுஸ் (பிறப்பு: ஏப்ரல் 29, 1947) அமெரிக்க பேஸ்பால் வீரர், பயிற்சியாளர். முழுப்பெயர் தாமஸ் ராஸ் ஹவுஸ். பந்தெறியும் உடல் அசைவை அறிவியல் முறையில் ஆராய்ந்து கற்பித்தவர்களில் முன்னோடி. தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் பந்தெறிதல் பயிற்சியாளராக இருந்த காலத்தில், 2008-ல், உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகியோருக்குப் பயிற்சி அளித்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணியில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவ்விருவரே.

உதவிப் பயிற்சியாளர் என்னும் பணி

தமிழில் அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பாலில் ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் முடிவு செய்பவர் பிட்சர் எனப்படும் பந்தெறிபவர். ஆகவே அமெரிக்கக் கல்லூரி அணிகளில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே பந்தெறிபவர்களை மட்டும் கவனிக்க ஓர் உதவிப் பயிற்சியாளர் இருப்பார். மட்டையடிக்கு இன்னொருவர் இருப்பார். அணியின் வெற்றி தோல்விகள் தலைமைப் பயிற்சியாளரின் பெயரில் பதிவாகும். உதவியாளருக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் நெடுங்காலம் தலைமைப் பயிற்சியாளரைத் தவிர இரண்டு உதவியாளர்களுக்கு மட்டுமே சம்பளம் தர அனுமதி இருந்தது. மூன்றாமவர் 'தன்னார்வலர்' என்ற பெயரில் சம்பளமின்றி வேலை செய்தார். ஜூலை 2023-ல்தான் இந்த முறை நீக்கப்பட்டது. பலர் இந்தச் சம்பளமற்ற இடத்திலிருந்து தொடங்கி மேலே வந்தவர்கள். ஹவுஸ் வந்த பாதை வேறு. அவர் தொழில்முறை அணிகளில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, அறுபது வயதை ஒட்டித் தான் படித்த கல்லூரிக்கே திரும்பியவர்.

ஆட்டக்காரர்

ஹவுஸ் சியாட்டில் நகரில் பிறந்தார். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் ராட் டெடோவின் அணியில் இடக்கைப் பந்தெறிபவராக ஆடினார். 1971-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். பின்னர் பாஸ்டன் ரெட் சாக்ஸ், சியாட்டில் மரைனர்ஸ் அணிகளுக்கு ஆடி 1978-ல் ஓய்வு பெற்றார். எட்டு ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றிகள் 29, தோல்விகள் 23.

ஆட்டக்காரராக அவர் பெயர் நிலைத்தது, எறிந்த பந்தால் அல்ல, பிடித்த பந்தால். ஏப்ரல் 8, 1974 அன்று அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தனது 715-வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். எல்லைச் சுவரைத் தாண்டி வந்த அந்தப் பந்து, பந்தெறிபவர்கள் உடலைத் தயார்செய்யும் இடத்தில் நின்றிருந்த ஹவுஸின் கையுறையில் விழுந்தது. அவர் ஓடிச் சென்று அதை ஆரனிடம் கொடுத்தார்.

ஆடிய காலத்தில் தான் ஊக்கமருந்து பயன்படுத்தியதாக 2005-ல் ஹவுஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பயிற்சியாளர்

1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பந்தெறிதல் பயிற்சியாளராக இருந்தார். உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அவரது முறைகள் அன்று கேலிக்குள்ளாயின. பந்தெறிபவர்களை அமெரிக்கக் கால்பந்தை எறியச் சொன்னார். தவறான அசைவில் எறிந்தால் அந்த நீள்பந்து தள்ளாடிப் பறக்கும். தவறு எறிந்தவர் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். இன்னொன்று துண்டுப் பயிற்சி. கையில் பந்துக்குப் பதிலாகச் சிறு துண்டைப் பிடித்துக்கொண்டு, எதிரே ஒருவர் நீட்டும் கையுறையில் துண்டின் நுனி படும்படி வீசவேண்டும். தோளுக்குச் சுமை ஏற்றாமல் அசைவை மட்டும் பழக இது உதவுகிறது.

1989-ல் நோலன் ரயான் 42 வயதில் ரேஞ்சர்ஸ் அணிக்கு வந்தார். ரயானும் ஹவுஸும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். சொல்லப்போனால் பயிற்சியாளர்தான் சில மாதங்கள் இளையவர். 29 வெற்றிகள் பெற்றவர், முடிவில் 324 வெற்றிகளுடன் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பயிற்சி அளித்தார். எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடத் தராத ஏழு ஆட்டங்கள் ரயானின் சாதனை. அவற்றில் கடைசி இரண்டும் 1990, 1991 ஆண்டுகளில் ஹவுஸின் கண்காணிப்பில் நிகழ்ந்தவை. 1999-ல் பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ரயான் தன் ஏற்புரையில் ஹவுஸுக்கு நன்றி சொன்னார்.

1992-ல் எதிரணி வீரரான ராண்டி ஜான்சனிடம் ஒரு பிழையைச் சுட்டினார். பந்தெறிந்து முடிக்கும்போது ஜான்சனின் முன்கால் குதிகாலில் இறங்கியது. பாதத்தின் முன்பகுதியில் இறங்கினால் உடல் பக்கவாட்டில் விலகாது என்பது அறிவுரை. பந்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறி வந்த ஜான்சன், பின்னர் தன் காலத்தின் தலைசிறந்த பந்தெறிபவர்களுள் ஒருவரானார்.

ஹவுஸ் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது தலைமைப் பயிற்சியாளர் சாட் குரூட்டர். ரேஞ்சர்ஸ் அணியில் ஹவுஸ் பயிற்சியாளராக இருந்த நாட்களில் அங்கே இளம் கேட்சராக ஆடியவர் அவர். பழைய அணியின் இளைஞரிடம் மூத்தவர் உதவியாளராகச் சேர்ந்தார்.

இந்திய மாணவர்கள்

விளையாட்டு முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்தெறியும் போட்டியை இந்தியாவில் நடத்தினார். 37,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அப்போட்டி 2008-ன் தொடக்கத்தில் முடிந்தது. மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதலிடம் பெற்று ஒரு லட்சம் டாலர் வென்றார். தினேஷ் படேல் இரண்டாமிடம். ரிங்கு, பதோஹி மாவட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநரின் மகன். தினேஷ் வாரணாசி அருகிலுள்ள கிராமத்தவர். இருவரும் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றவர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை.

வென்றவர்கள் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களாக இல்லாமல் ஈட்டி எறிபவர்களாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது மடங்கிய முழங்கையை நீட்டக் கூடாது. ஈட்டியிலும் பேஸ்பாலிலும் முழங்கை மடங்கி, சாட்டைபோல விரிகிறது. நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் ஈட்டி எறியும் மாணவரைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு தெரிந்ததே.

ஆனால் ஒற்றுமை அத்துடன் முடிகிறது. ஆண்களுக்கான ஈட்டி 800 கிராம் எடையுள்ளது. பேஸ்பால் பந்து 150 கிராமுக்கும் குறைவு. ஈட்டி எறிபவர் ஓடிவந்து வேகத்தைச் சேர்க்கிறார். பிட்சரோ சுமார் 25 சென்டிமீட்டர் உயர மண்மேட்டில் ஒரு காலைப் பதித்து நின்ற நிலையில் தொடங்குகிறார். ஈட்டியில் அளக்கப்படுவது தூரம். இங்கே 18.44 மீட்டர் தொலைவில் இருக்கும் 43 சென்டிமீட்டர் அகலப் பலகையின் மேல் பந்து செல்லவேண்டும். அதோடு கையுறையால் பந்து பிடிக்கவும், ஆட்டவிதிகளையும், ஆங்கிலத்தையும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. அமெரிக்க மாணவர் சிறுவயதிலிருந்து பழகி வருவதை இவர்கள் சில மாதங்களில் கற்றார்கள்.

நவம்பர் 2008-ல் அரிசோனாவின் டெம்பி நகரில் மேஜர் லீக் அணிகளின் தேர்வாளர்கள் முன் இருவரும் பந்தெறிந்தனர். அதே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஜூலை 2009-ல் ரிங்கு, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் இந்தியரானார்.

தினேஷ் 2010-ன் இறுதியில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு சில ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் ஆடினார். காயங்களும் முழங்கை அறுவைச் சிகிச்சையும் அவரைத் தடுத்தன. 2018-ல் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்று 'வீர் மகான்' என்ற பெயரில் அறியப்பட்டார். இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை.

இவர்கள் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டிஸ்னி திரைப்படமாயிற்று. ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தார். ஹவுஸாக பில் பாக்ஸ்டன் நடித்தார். கதையின் நாயகன் முகவர்தான், பயிற்சியாளர் துணைப் பாத்திரம்.

மதிப்பீடு

ஹவுஸ் பிற்காலத்தில் டிரூ பிரீஸ், டாம் பிரேடி போன்ற அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும் எறியும் முறை கற்பித்தார். அவரது முறைகள் பல இன்று வழக்கமான பயிற்சிகளாகிவிட்டன.

ரயானையும் ரிங்குவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உதவிப் பயிற்சியாளர் பணியின் வலிமையும் எல்லையும் புலப்படும். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணிநேரம் எறிந்து பழகிய கைக்கு அவர் மேலும் சில ஆண்டுகள் ஆயுள் தரமுடியும். பேஸ்பாலே அறியாத கையைச் சில மாதங்களில் ஒப்பந்தம் வரை கொண்டுசெல்லவும் முடியும். இளமையில் ஆடாமல் போன ஆண்டுகளை மட்டும் எந்தப் பயிற்சியாளராலும் ஈடுசெய்ய முடியாது. அது ஊர்தோறும் மைதானமும் பந்தும் ஆசிரியரும் இருந்தால் மட்டுமே கிடைப்பது.