இரண்டு வருஷம் இங்கே, மீதி அங்கே

உள்ளூர்க் கல்லூரி ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டால், ‘உலகத்தரக் கல்வி’ என்று மேடையில் முழங்குவார்கள். மலேசியாவில் இந்த ஏற்பாடு பிறந்ததற்கு அப்படி எந்த லட்சியமும் காரணமில்லை. உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை. வெளியூர் போகக் காசு போதவில்லை.

விதை அமெரிக்காவில் விழுந்தது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தனியே பிரித்து நடத்தலாம் என்று நம்பியவர், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். அவர் தூண்டுதலில் 1901இல் ஜோலியட் ஊர்ப் பள்ளியில் ஆறே மாணவர்களோடு அதைத் தொடங்கினார்கள். சமுதாயக் கல்லூரிகளுக்கு அதுவே மூலம். பாதிப் படிப்பு வீட்டுக்குப் பக்கத்தில், மீதி பல்கலைக்கழகத்தில். நடுவே கடலே இருந்தாலும் இந்தக் கணக்கு செல்லும் என்பதை 1980களில் மலேசியா காட்டியது.

அங்கே 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு அரசுப் பல்கலைக்கழக இடங்கள் இன வாரியாகப் பங்கிடப்பட்டன. நல்ல மதிப்பெண் வாங்கிய சீன, தமிழ்ப் பிள்ளைகள் பலர் வெளியே நின்றார்கள். தனியார் கல்லூரிகளால் அப்போது சொந்தப் பட்டம் தர முடியவில்லை. சீனச் சமூகம் கேட்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்துக்கும் 1982இல் நீதிமன்றத்தில் கதவு அடைபட்டது. சரி, லண்டன் போகலாம் என்றால், பிரிட்டனின் தாட்சர் அரசு 1980 முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் படிப்பின் முழுச் செலவையும் கட்டணமாக வசூலிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மூன்று வருஷம் தாங்குமா?

வெளிநாட்டில் படிக்கும் வருஷத்தைக் குறைப்பதுதான் வழி. வேடிக்கை என்னவென்றால், இடஒதுக்கீடு வைத்த அரசே இதில் முந்திக்கொண்டது: 1985இல் ஷா ஆலமில் மலாய் மாணவர்களுக்கு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பாடங்களின் முதல் இரண்டாண்டு தொடங்கியது. 1987இல், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த சன்வே கல்லூரி, அமெரிக்காவின் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு கைகோத்தது.

இந்த உறவின் உயிர் கைகுலுக்கும் புகைப்படத்தில் இல்லை. ஒரு சாதாரண அட்டவணையில் இருக்கிறது. இடப்பக்கம் இங்கே நடத்தும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக அங்கே ஒப்புக்கொள்ளும் பாடத்தின் எண், கடைசியில் கிரெடிட். இங்கே படித்த கால்குலஸுக்கு வலப்பக்கம் எண் இல்லையென்றால் அங்கே போய் மறுபடி கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியதுதான். அதனால்தான் பாடத்திட்டம், பாடநூல், ஆசிரியரின் தகுதி என்று ஒவ்வொன்றையும் வெளிநாட்டுக்காரர்கள் துருவினார்கள். நாலு பேர் கையெழுத்துப் போடும் விழாவைவிட இந்தச் சலிப்பான வேலைக்குத்தான் மாணவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளி (ரிங்கிட்) என்றிருந்தது, அடுத்த ஜனவரியில் நாலரையைத் தாண்டியது. மீதி வருஷத்துக்கு விமானம் ஏறவிருந்தவர்கள் தவித்தார்கள். அரசு இன்னொரு ஏற்பாட்டுக்கும் இறங்கிவந்தது: ‘3+0’. மூன்று வருஷமும் மலேசியாவிலேயே, பட்டம் மட்டும் வெளிநாட்டுடையது. 1998இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் தன் கிளையையே அங்கே திறந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு, குறைந்த செலவில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பட்டம் வாங்க இந்தோனேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து இறங்கினார்கள்.