ஐடிசியின் 50 சதவீத உமிழ்வுக் குறைப்பு இலக்கு: எதில் பாதி குறையும்?

கொல்கத்தா: கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐடிசி நிறுவனம், 2030ஆம் ஆண்டுக்குள் தனது பசுமை இல்ல வாயு உமிழ்வை 50 சதவீதம் குறைக்க இலக்கு வகுத்துள்ளது. எனினும், இது நிறுவனத்தின் மொத்த உமிழ்வைப் பற்றிய இலக்கு அன்று. ஓர் அலகு உற்பத்திக்கு வெளியாகும் உமிழ்வை, 2018-19 நிதியாண்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாதியாக்குவதே இதன் பொருள்.

இந்த வேறுபாடு சிறியதன்று. ஓர் ஆலை 100 டன் காகிதம் தயாரிக்க 100 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கான உமிழ்வு பாதியாகி, உற்பத்தி 200 டன்னாக உயர்ந்தால் இலக்கு எட்டப்பட்டுவிடும். வளிமண்டலத்தில் சேரும் வாயுவோ அதே 100 டன்தான்.

காகித ஆலையே மையம்

1910இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் சிகரெட்டுக்காக அறியப்பட்டாலும், அதன் எரிசக்தித் தேவையில் பெரும்பங்கு காகித அட்டைப் பிரிவுக்கே செல்கிறது. தெலங்கானாவில் பத்ராச்சலம் அருகே சாரபாகாவில் உள்ள ஆலை இதில் முதன்மையானது. ஈரக் காகிதத்தை உலர்த்த இடைவிடாது நீராவி வேண்டும். அதற்கு நெடுங்காலமாக நிலக்கரியே கைகொடுத்து வந்தது. மரக்கூழைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கருநிறத் திரவத்தைக் கொதிகலனில் எரித்து நீராவி பெறுவதன் மூலம் நிலக்கரியின் பங்கு குறைக்கப்படுகிறது. நிறுவனம் தன் கணக்கில் காட்டும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இத்திரவமும் அடங்கும்.

மின்சாரத்தை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. திண்டுக்கல் மாவட்டத்தில் 14.9 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2021இல் ஐடிசி தொடங்கியது. மின் தொகுப்பிலிருந்து பெறும் மின்சாரம் முழுவதையும் 2030க்குள் புதுப்பிக்கத்தக்கதாக்குவதும் இலக்குகளில் ஒன்று. நீராவிக்கான நிலக்கரியைக் கைவிடுவதுதான் கடினமான பகுதி.

மரங்களின் கணக்கு

2005-06 முதல் தான் வெளியிடுவதைவிட அதிகக் கார்பனை உறிஞ்சுவதாக ஐடிசி கூறி வருகிறது. இதற்கு அடிப்படை, பெரும்பாலும் விவசாயிகளின் நிலங்களில் வளர்க்கப்படும் தைலமரம், சவுக்கு, சூபாபுல் தோப்புகள். இவற்றால் விவசாயிகளுக்கு வருமானம் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் இவை சில ஆண்டுகளில் வெட்டப்பட்டுக் கூழாகும் மரங்கள். நூற்றாண்டுகள் நிற்கும் காடுகள் அல்ல. தோப்புகள் உறிஞ்சும் கார்பன் எவ்வளவாக இருந்தாலும், ஆலைப் புகைபோக்கியின் உமிழ்வு அதனால் குறைந்துவிட்டது என்று கொள்ள இயலாது.

நிறுவனத்தின் வடிவமும் மாறி வருகிறது. விடுதித் தொழில் 2025 ஜனவரி 1 முதல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதே ஆண்டு மார்ச்சில், உத்தராகண்டின் லால்குவானில் உள்ள செஞ்சுரி காகித ஆலையை 3,498 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தமானது. ஒரு தொழில் வெளியேறி, எரிசக்தியைப் பெருமளவு உண்ணும் இன்னொன்று சேரும்போது, 2018-19ஆம் ஆண்டோடு செய்யும் ஒப்பீட்டில் கூடுதல் கவனம் தேவை.

உற்பத்தியோடு இணைத்து இலக்கு வகுப்பது ஐடிசிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கான உமிழ்வை 2030க்குள், 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பதாகவே இந்தியாவும் உறுதியளித்துள்ளது. மத்திய அரசு 2023இல் அறிவித்த கார்பன் கடன் வணிகத் திட்டமும் இதே அளவுகோலைப் பின்பற்றுகிறது. வளரும் பொருளாதாரத்தில் மொத்த உமிழ்வுக்கு உடனே உச்சவரம்பு விதிப்பது கடினம் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

நிறுவனத்தின் சொல்லைச் சரிபார்க்க வாசகருக்கும் முதலீட்டாளருக்கும் வழி உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022-23 முதல் ஆண்டுதோறும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியுள்ளது. நேரடி உமிழ்வும், வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் உமிழ்வும் அதில் மொத்த டன் அளவிலும், வருவாய்க்கு ஏற்ற விகிதத்திலும் தனித்தனியே தரப்படுகின்றன.