தலைமை எந்த எண்ணைக் கேட்கிறது: டெக்சாஸ் சிட்டி விபத்தை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

பணியிடப் பாதுகாப்பில் தலைமையின் பங்கு என்றதும் அக்கறை, முன்மாதிரி என்றே பேச்சு போகிறது. அவற்றை அளக்க முடியாது. தலைமை மாதந்தோறும் எந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறது என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நேர்ந்த வெடிவிபத்து அதற்கு ஏற்ற சான்று. 15 பேர் இறந்தனர்; 180 பேர் காயமடைந்தனர்.

2. நிகழ்வு

பராமரிப்பு முடிந்து ஒரு பிரிவை மீண்டும் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். 170 அடிக் கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது. மட்டம் காட்டும் கருவியோ அது இறங்குவதாகக் காட்டியது. ஓர் அலாரம் அடிக்கவே இல்லை. கருவிகள் சில பழுது என்பது முன்பே தெரியும், சரிசெய்யாமலே ஓட்டினார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 12 மணி நேர ஷிப்டில் 29 நாள் விடுப்பின்றி வேலை செய்தவர். மூன்று பிரிவுகள் அவர் ஒருவர் பொறுப்பில். வழிந்த திரவம் திறந்த குழாய் வழியே பீறிட்டு ஆவியாகித் தீப்பற்றியது. இறந்த அனைவரும் பக்கத்து டிரெய்லர்களிலோ அவற்றின் அருகிலோ இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிரிவு ஓடத் தொடங்கியதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

3. தலைமையின் பங்கு

3.1 எண்

2004இல் அந்த ஆலையின் காய விகிதம் அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதே ஆண்டில் அங்கே மூவர் இறந்திருந்தனர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வழுக்கி விழுவதும் விரல் நசுங்குவதும் அந்த விகிதத்தில் ஏறும். பழுதான மட்டக்கருவி ஏறாது. தலைமைக்குப் போன அறிக்கை பொய்யல்ல, கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

3.2 பணம்

1999இல் நிலைச் செலவில் 25 சதவீதத்தைக் குறைக்கத் தலைமை உத்தரவிட்டது. கருவியைப் பழுதுபார்க்காதே என்று யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

4. பின்விளைவு

விபத்துக்குப் பின் பி.பி. ஆலைகளின் பாதுகாப்பை ஆராய்ந்த, ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007 ஜனவரியில் இதையே சுட்டியது: ஆளின் பாதுகாப்பில் காட்டிய கவனத்தை நிறுவனம் ஆலையின் செயல்முறைப் பாதுகாப்பில் காட்டவில்லை. 2010இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (API) என்ற தொழில்துறை அமைப்பு கசிவு முதலியவற்றை நான்கு அடுக்காக எண்ணும் முறையை வெளியிட்டது. முதலிரண்டு அடுக்குகள் பொதுவில் அறிவிக்க வேண்டியவை. நிலுவையில் கிடக்கும் பராமரிப்பு வேலை போன்றவை கடைசி அடுக்கில் வரும். அதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். என் பார்வையில், தலைமை கேட்டு வாங்க வேண்டிய எண் அங்கேதான் இருக்கிறது.