மூச்சுக்கு ஒரு விலை

ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயை நம் நாட்டில் அறியாதார் இலர். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து, தலையணையை மடியில் வைத்துக் குனிந்து, விடியும்வரை ஒவ்வொரு மூச்சையும் போராடி இழுப்போரைப் பல இல்லங்களில் காணலாம். அத்தகைய இரவு ஒன்று குறையுமாயின், அந்நன்மையைப் பணத்தால் அளந்துரைக்க இயலுமா? கேள்வி சற்றுக் கொடியதாகத் தோன்றலாம். ஆயினும் அரசாங்கங்கள் அதற்கு விடை தேட நேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

மனிதனுக்கு விலை மதிக்கும் வழக்கம் புதியதன்று. 17-ஆம் நூற்றாண்டிலேயே சர் வில்லியம் பெட்டி, இங்கிலாந்து மக்களின் உழைப்பைக் கொண்டு தலைக்கு 69 பவுன் என மதித்தார். 1853-ல் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞர், நார்ஃபோக் பகுதியின் விவசாயத் தொழிலாளி இனி ஈட்டக்கூடிய கூலியினின்று அவன் பிழைப்புச் செலவைக் கழித்துப் பார்த்தார். பிறந்த குழந்தைக்கு 5 பவுன். 25 வயதில் 246 பவுன். தள்ளாத முதுமையிலோ சுழிக்கும் கீழான தொகை! கூட்டலிலும் கழித்தலிலும் குற்றமில்லை. உழைப்பு ஒன்றே மனிதன் என்று கொண்டதன் விளைவு அது.

1966-ல் அமெரிக்காவில் டாரதி ரைஸ் அம்மையார் நோய்களின் செலவை இதே மரபில், ஆனால் மிக்க ஒழுங்குடன், வகுத்துக் காட்டினார். மருத்துவத்துக்காகும் செலவு ஒன்று. இழந்த உழைப்பு மற்றொன்று. ஆஸ்துமாவுக்கு இம்முறை முழுதும் பொருந்தவில்லை. பள்ளிச் சிறுவனுக்குக் கூலி ஏது? அவனுடைய இரவு முழுவதும் கணக்கில் மருந்துச் சீட்டாகவும், தாய் எடுத்த விடுப்பாகவும் மட்டுமே பதிவாகும். இக்குறையை நீக்கும் வழியை 1968-ல் தாமஸ் ஷெல்லிங் எடுத்துரைத்தார். ஆபத்துச் சிறிது குறைவதற்கு என்ன கொடுக்கச் சித்தமாயிருக்கின்றனர் என்று சம்பந்தப்பட்ட மக்களையே கேட்கலாம் என்பது அவர் கருத்து.

1981 பிப்ரவரியில் ஜனாதிபதி ரீகன், பெரிய விதி எதுவாயினும் அதன் நன்மை தீமைகளைக் கணக்கிட்டுக் காட்டவேண்டும் என ஆணையிட்டார். தொழிற்சாலை வாங்கும் வடிகருவிக்கு விலைப்பட்டியல் உண்டு, மூச்சுத்திணறலுக்கு இல்லை. எழுதப்படாத நன்மை ஏட்டில் சுழியாகவே நிற்கும். ஆகவே விலை காண்பதை எதிர்த்தவர்களும் அதைக் கண்டறிய முற்பட்டனர் எனலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் கிளெண்டோரா என்னும் சிற்றூர் உள்ளது. நகரத்து மோட்டார் வண்டிகளின் புகை காற்றில் மிதந்து வந்து, வெயிலில் ஓசோனாக மாறி, மலை தடுப்பதால் அங்கே தேங்கும். அப்புகைமூட்டத்தின் இரசாயனத்தை ஆர்யே ஹாகன்-ஸ்மிட் 1950-களிலேயே விளக்கியிருந்தார். 1983-ல் இவ்வூர் ஆஸ்துமா நோயாளர்களின் நாள்தோறுமான நிலையை மருத்துவ ஆய்வாளர் பதிவு செய்துவந்தனர். இராபர்ட் ரோ, லொரெய்ன் செஸ்ட்நட் என்னும் இருவர் அவர்களை அணுகி, மோசமான நாள் எது என்பதை நோயாளரையே வரையறுக்கச் செய்தனர். இது சிறு செய்தியன்று. திணறலின் அளவை வேறு யார் அறிவார்? பின்னர், அத்தகைய நாள்கள் குறைவதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று வினவினர். கிடைத்த விடை, மருந்துச் செலவையும் இழந்த ஊதியத்தையும் கூட்டினாலும் அதனினும் மிகுந்திருந்தது. அந்த மிகுதியே வேதனைக்கும், இழந்த ஓய்வுக்கும் உரிய பங்கு.

ஒரு சிற்றூர் மக்கள் கூறிய விடையினின்று பெற்ற தொகையைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பல்லாண்டுகள் தன் கணக்குகளில் கையாண்டது. 1990-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 2020-ல் 24 லட்சம் ஆஸ்துமாத் தாக்குதல்கள் தவிர்க்கப்படும் என அந்நிறுவனம் 2011-ல் மதிப்பிட்டது. கணக்கின் பெருந்தொகை அகால மரணங்களைத் தவிர்ப்பதால் வருவதே. ஆஸ்துமாவின் பங்கு சிறிது.

இம்முறையிலும் ஓர் இடர் உண்டு. கொடுக்கச் சித்தமாயிருப்பது வேறு, கொடுக்க இயல்வது வேறு. வறியவன் குறைவாகச் சொல்வான். அதனால் அவன் மூச்சு மலிவாகிவிடுமா? அமெரிக்கர் கூறிய தொகையை வருமான விகிதப்படி சுருக்கி இந்தியாவுக்குப் பொருத்தும் ஆய்வுகளை நான் ஐயத்துடனேயே நோக்குகிறேன்.

விலை ஒரு பாதி. எத்தனை தாக்குதல்கள் குறைந்தன என்பது மறுபாதி. 1996-ல் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 17 நாள்களில் பேருந்துகள் பெருக்கப்பட்டன, கார்கள் குறைக்கப்பட்டன. ஓசோனின் உச்ச அளவு ஏறத்தாழ 28 சதவீதம் தாழ்ந்தது. ஏழையருக்கான அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தின் பதிவுகளில், 1 முதல் 16 வயது வரையுள்ள சிறுவரின் அவசர ஆஸ்துமா நிகழ்ச்சிகள் நாளொன்றுக்கு 4.23-லிருந்து 2.47 ஆயின. 2001-ல் வெளியான இச்செய்தி உலகெங்கும் பரவியது. 2010-ல் வெளியான மறு ஆய்வோ வேறு கூறியது: அந்நாள்களில் தென்கிழக்கு மாநிலங்களின் பிற இடங்களிலும் ஓசோன் தாழ்ந்திருந்தது; பருவகால ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொண்டபோது, மூச்சு நோய்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தோர் தொகையில் தெளிவான குறைவு காணப்படவில்லை. குறைந்த அந்த நிகழ்ச்சிகளில் பேருந்துகளின் பங்கு எவ்வளவு, வானிலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்காட்ட அந்த 17 நாள்கள் போதவில்லை.