வீட்டு வாசல்ல 'நோ பார்க்கிங்' போர்டு வைக்கலாமா? ரோடு பார்க்கிங், தனியார் பார்க்கிங்: என்ன வித்தியாசம்?

சென்னையில் எந்தக் குடியிருப்புத் தெருவுக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். கேட்டில் 'நோ பார்க்கிங்' போர்டு. அதற்குக் கீழே 'மீறினால் டயர் பஞ்சர் செய்யப்படும்' என்று ஒரு மிரட்டல். போதாக்குறைக்கு ரோட்டில் ரெண்டு பூந்தொட்டி, ஒரு மணல் மூட்டை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் காரை எங்கே விடுறதுன்னு தெரியாமல் தெருவை ரெண்டு ரவுண்டு அடிப்பார். உண்மையில் அந்த இடம் யாருடையது?

காம்பவுண்டுக்கு வெளியே பொது ரோடு

பட்டாவில் இருக்கிற எல்லையோடு நம்ம உரிமை முடிஞ்சிடுது. அதைத் தாண்டி இருக்கிற ரோடும் பிளாட்பாரமும் பொதுச் சொத்து. சொத்து வரி கட்டுறதால வாசலுக்கு முன்னால் இருக்கிற பத்தடி ரோடு நமக்குச் சொந்தமாகிவிடாது.

வண்டி நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 117-வது பிரிவின்படி, மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புகளுக்கும்தான் உண்டு. நாமே எழுதி மாட்டுகிற போர்டுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. இந்தப் பிரச்னை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அனுமதி இல்லாத போர்டுகளையும் தடுப்புகளையும் அகற்ற வேண்டும் என்று 2024-ல் சென்னை போக்குவரத்து காவல்துறையும் எச்சரித்தது.

அப்போ யார் வேணும்னாலும் நம்ம கேட்டை மறைச்சு நிறுத்தலாமா? கூடாது. மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகள் 2017-ன்படி, ஒரு கட்டடத்தின் நுழைவாயில் அல்லது வெளியேறும் வழியை மறித்து வண்டி நிறுத்துவது தவறு. போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் விதி. ஆக, கேட்டுக்கு நேரே நிறுத்தினால் தப்பு. அதே வீட்டின் சுவரை ஒட்டி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தினால், அங்கே போலீஸ் தடை எதுவும் இல்லாதவரை வீட்டுக்காரர் கேள்வி கேட்க முடியாது. பாதி தெருச் சண்டைகள் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருது.

கேட்டை மறைச்சு நிற்கும் வண்டியை என்ன செய்யலாம்? 100-க்கு போன் பண்ணுங்க. அபராதம் போடுவதும் வண்டியைத் தூக்குவதும் போலீஸ் வேலை. முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1,500 ரூபாய் வரை அபராதம். டயரில் ஆணி வைத்தாலோ காற்றைப் பிடுங்கினாலோ கேஸ் நம்ம மேல திரும்பிடும். அடுத்தவர் பொருளுக்குச் சேதம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 324-வது பிரிவின்படி குற்றம்.

ரோட்டில் நிறுத்த காசு கேட்டால்?

பொது ரோட்டில் பார்க்கிங் கட்டணம் வசூலிக்க மாநகராட்சிக்கும், அது ஒப்பந்தம் கொடுத்தவர்களுக்கும்தான் உரிமை. கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ ஒருவர் பில் புத்தகத்தோடு வந்தால், ரசீதில் மாநகராட்சி பெயரும் கட்டணமும் அச்சாகி இருக்கான்னு பாருங்க. வெறும் துண்டுச் சீட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சென்னையில் புகார் சொல்ல 1913.

தனியார் பார்க்கிங்கில் கணக்கே வேற

மால், ஹோட்டல், மருத்துவமனை வளாகத்தில் இடம் அவர்களுடையது. யாரை உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் என்பதை அவர்கள் முடிவு பண்ணலாம். ஆனால் அங்கே இருக்கிற செக்யூரிட்டி போக்குவரத்து போலீஸ் கிடையாது. அவரால் சலான் போட முடியாது.

வண்டி காணாமல் போனால் யார் பொறுப்பு என்பதுதான் பெரிய கேள்வி. டோக்கனுக்குப் பின்னால் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று பொடி எழுத்தில் இருக்கும். 1998-ல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் வேலட் ஊழியரிடம் சாவி கொடுத்த ஒரு மாருதி ஜென் கார் திருடு போனது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2019-ல் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் ஊழியர்களின் அலட்சியத்துக்கான பொறுப்பை அந்த ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் தட்டிக்கழிக்க முடியாது என்றது நீதிமன்றம். சாவி நம்ம பாக்கெட்டிலேயே இருந்தால் இதே வாதம் அவ்வளவு சுலபமாக நிற்காது. அதனால் வேலட் கொடுக்கும் டோக்கனை வண்டி திரும்பக் கைக்கு வரும்வரை தூக்கிப் போடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915.

அப்பார்ட்மென்ட்டில்?

இதுவும் தனியார் இடம்தான், ஆனால் பில்டருடையது இல்லை. திறந்தவெளி பார்க்கிங்கையும், கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் இருக்கும் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ரெரா சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதி என்றே சொல்லுது. ஃபிளாட் வாங்கும்போது 'ஓப்பன் கார் பார்க்கிங் எக்ஸ்ட்ரா' என்று தனியாக ஒரு தொகை சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன்னால் பத்திரத்தில் அது என்னவென்று எழுதப்போகிறார்கள் எனக் கேளுங்க.